பார்த்ததும் பேசியதும்

வீட்டில் இருப்பது இன்பம். வீட்டை விட்டு வெளியே செல்லக்கூடாது என்னும் நிலையில் இருப்பது துன்பம். நாற்காலியும் கட்டிலும் சாளரமும் அவையேதாம். ஆயினும் கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கும் உரிமை இல்லை என்று தெரிந்தவுடன் அதே வீடு சிறுத்துப் போகிறது. நோயாளிகளும் தளர்ந்த முதியவர்களும் இவ்வுண்மையை நெடுங்காலமாக அறிவர். மற்றவர்கள் 2020ஆம் ஆண்டில் அறிந்து கொண்டனர்.

அவ்வாண்டு மார்ச்சு 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பிற்கு வந்தது. ஏப்ரல் 7ஆம் நாள் சிங்கப்பூரிலும் அதனை ஒத்த கட்டுப்பாடு தொடங்கியது. பள்ளி மணி ஓய்ந்தது. கோயில் மணி கேட்க ஆளின்றி ஒலித்தது. ஊரார் அனைவரும் வீட்டிற்குள் புகுந்துகொண்ட அந்நாள்களில் பெரும்பாலான குடும்பங்களுக்குத் துணையாக நின்றது தொலைக்காட்சிப் பெட்டி. அத்துணை நல்ல துணையாக அமைந்ததா என்பது வீட்டிற்கு வீடு வேறுபட்டது. அதனை விளக்க ஒரு வீட்டின் கதையே போதும்.

கிள்ளான் வட்டாரத்தில் ஒரு தாமான். அதில் ஓர் இணைவீடு. அங்கே ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் தம் மகளோடும் மருமகனோடும் பேத்தியோடும் வாழ்ந்து வந்தார். அகவை எழுபத்து மூன்று. மருமகன் மருந்துப் பொருள்களை ஏற்றிச் செல்லும் லோரி ஓட்டுநர். ஆகவே அவர் ஒருவருக்கு மட்டும் வெளியே செல்ல அனுமதி இருந்தது. பேத்தி தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவி.

முதல் வாரம் முழுவதும் அவ்வீட்டுத் தொலைக்காட்சி ஓயவில்லை. காலையில் தொற்றுக் கணக்கு, நண்பகலில் திரைப்படம், மாலையில் ஒன்றன்பின் ஒன்றாக நாடகத் தொடர்கள். மாமியார் சூழ்ச்சி செய்வார். மருமகள் கண்ணீர் விடுவார். முந்நூறாவது பகுதியிலும் அதே சூழ்ச்சி, அதே கண்ணீர். அத்தொடர்களைப் பார்ப்போரை இகழ்வதற்கில்லை. நாள் முழுதும் உழைத்துக் களைத்தவர்க்கு அரைமணி நேர மறதியும் ஒரு மருந்துதான். ஆனால் நாள் முழுதும் மறதியே உணவானால் உடல் தாங்காது. ஏழாம் நாள் இரவு உணவின்போது நால்வரும் ஒருவரோடொருவர் ஒரு சொல்லும் பேசாமல் திரையைப் பார்த்தவாறே உண்டு முடித்ததை ஆசிரியர் கவனித்தார். வெளியுலகம்தான் பூட்டப்பட்டது என்று எண்ணியிருந்தார் அவர். வீட்டிற்குள்ளும் பூட்டு விழுந்திருப்பது அன்றுதான் தெரிந்தது.

அவருக்குத் தம் இளமைக்காலத் தொலைக்காட்சி நினைவிற்கு வந்தது. சிங்கப்பூரில் 1963 பிப்ரவரியிலும் மலேசியாவில் அதே ஆண்டு திசம்பர் 28ஆம் நாளிலும் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியது. அவர் பிறந்த தோட்டத்திற்கு அது வந்து சேரச் சில ஆண்டுகள் ஆயின. தோட்டத்து மண்டபத்தில் உயரமான பலகையின்மேல் ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி. தமிழ்ப்படம் ஒளிபரப்பாகும் நாளில் கிழவரும் குழந்தைகளும் கோணிப்பையை விரித்துக்கொண்டு அமர்வார்கள். படம் முடிந்தபின் எவரும் உடனே உறங்கச் சென்றதில்லை. கதைத் தலைவன் செய்தது சரியா, தவறா என்று லயத்து வாசலில் நெடுநேரம் வழக்காடல் நடக்கும். மறுநாள் பால் மரத்தடியிலும் அதே பேச்சுத் தொடரும். பெட்டி காட்டியது இரண்டு மணி நேரம். மக்கள் பேசியது இரண்டு நாள்.

தொடர் ஒன்று காணத்தக்கதா, இல்லையா என்பதை அளக்க அந்நினைவு அவருக்கு ஓர் அளவுகோலைத் தந்தது. திரை அணைந்தபின் வீட்டில் பேச்சு பிறந்தால் அது காணத்தக்க தொடர். பேச்சுப் பிறவாமல் அடுத்த பகுதிக்கான அரிப்பு மட்டும் பிறந்தால் அது பொழுதைத் தின்னும் தொடர். ஆசிரியர் வகுப்பறையில் நாள் பாடத்திட்டம் எழுதிப் பழகியவர். ஆகவே வீட்டிற்கும் ஒரு திட்டம் வகுத்தார். இரவு உணவிற்குப் பின் நாளுக்கு ஒரு பகுதி. எல்லாரும் ஒன்றாக அமர்ந்து பார்த்தல். முடிந்தவுடன் பெட்டியை அணைத்தல். பின்னர் அரைமணி நேரமேனும் பேசுதல். மருமகன் இணையத்திலிருந்தும் பழைய குறுவட்டுகளிலிருந்தும் தொடர்களைத் தேடித் தந்தார்.

முதலில் தேர்ந்தெடுத்தது கார்ல் சேகன் வழங்கிய 'காஸ்மாஸ்'. அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் 1980ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் தொடங்கிய பதின்மூன்று பகுதித் தொடர் அது. வானநூல் அறிஞரான சேகன் கரும்பலகை இன்றி, கணக்குச் சூத்திரங்கள் இன்றிப் பேரண்டத்தின் கதையைச் சொல்கிறார். முதற்பகுதியிலேயே ஈராயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த எரடோஸ்தெனிஸ் என்னும் கிரேக்க அறிஞர் வருகிறார். எகிப்தின் தென்பகுதியில் உள்ள சையீன் நகரில் சூன் 21ஆம் நாள் நண்பகலில் தூண்களுக்கு நிழல் விழுவதில்லை என்று அவர் படித்தார். அதே நேரத்தில் வடக்கே அலெக்சாந்திரியாவில் நட்ட கம்பிற்கு நிழல் இருந்தது. நிலம் தட்டையாயின் இவ்வேறுபாடு ஏன் என்று அவர் சிந்தித்தார். நிழலின் கோணம் ஏறத்தாழ ஏழு பாகை. அது முழு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 800 கிலோமீட்டர். அதனை ஐம்பதால் பெருக்கினால் 40,000 கிலோமீட்டர்; அதுவே நில உருண்டையின் சுற்றளவு. கம்பும் நிழலும் கண்ணும் மூளையும் தவிர அவரிடம் வேறு கருவி இல்லை.

பெட்டி அணைந்தவுடன் பேத்தி கேட்டாள்: "தாத்தா, நம் வீட்டில் நிழல் இல்லாத நாள் உண்டா?"

உண்டு. நிலநடுக்கோட்டிற்கு அருகில் வாழ்வோர்க்கு ஆண்டிற்கு இரு நாள்களில் கதிரவன் நேர் உச்சிக்கு வரும். கோலாலம்பூரும் கிள்ளானும் வடக்கே மூன்று பாகை அளவில் உள்ளன. அவ்விடங்களில் அந்நாள்கள் மார்ச்சு மாத இறுதியிலும் செப்டம்பர் நடுவிலும் அமையும். கணக்கிட்டுப் பார்த்தபோது மார்ச்சு 28ஆம் நாள் என்று விடை வந்தது. அதற்கு இன்னும் இரண்டே நாள்கள் இருந்தன. துடைப்பக் கம்பு ஒன்றைப் பூந்தொட்டி மண்ணில் நட்டு, கல் கட்டிய நூலால் அது நேராக நிற்பதைச் சரிபார்த்து வாசலில் வைத்தார்கள். பேத்தி கால்மணிக்கு ஒருமுறை நிழலின் நுனியைச் சுண்ணக்கட்டியால் குறித்தாள். பன்னிரண்டு மணி ஆயிற்று, நிழல் இருந்தது. அவள் முகம் வாடியது. ஆசிரியர் சிரித்தார். 1982ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னே தள்ளிச் சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒன்றாக்கிக்கொண்டது. அந்நேரம் 120 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டிற்கு உரியது. கிள்ளானோ 101 பாகையில் உள்ளது. ஆகவே கடிகாரம் நண்பகல் என்று சொல்லி ஒருமணி நேரத்திற்கும் மேல் சென்ற பிறகே கதிரவன் உச்சிக்கு வரும். ஒன்றேகால் மணி கடந்து சில நிமிடங்களில் நிழல் சுருங்கிச் சுருங்கிக் கம்பின் அடிக்குள் ஒடுங்கியது. அண்டை வீட்டார் வேலிக்கு அப்பாலிருந்து எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டனர். கேட்டவர்களுக்கெல்லாம் பேத்தியே விளக்கம் சொன்னாள். பள்ளி திறந்திருந்தால் அறிவியல் ஆசிரியர் மகிழ்ந்திருப்பார்.

அத்தொடரின் பத்தாம் பகுதி தமிழரை நேரடியாகத் தொடுகிறது. பேரண்டம் தோன்றி ஒடுங்கி மீண்டும் தோன்றுமோ என்னும் வினாவை எழுப்பும் சேகன், அதற்காகத் தமிழகத்திற்கே வருகிறார். பொங்கல் விழாவும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் அங்கே காட்டப்படுகின்றன. பிரமனின் ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்து 864 கோடி ஆண்டுகள் என்னும் பழங்கணக்கை எடுத்துக்காட்டி, இக்கால அறிவியல் கூறும் பெருங்கால அளவுகளுக்கு அது நெருங்கி நிற்பதைச் சுட்டுகிறார். அது தற்செயல் ஒப்புமையே என்பதையும் அவர் மறைக்கவில்லை. கூத்தப்பெருமான் திருவுருவத்தைத் திரையில் கண்ட மகள், நாள்தோறும் விளக்கேற்றும் படத்தை அன்று புதிதாகப் பார்ப்பவர்போல் பார்த்தார். நம்பிக்கையை அறிவியலாகத் திரிக்காமலும், அறிவியலின் பெயரால் நம்பிக்கையை எள்ளாமலும் பேச முடியும் என்பதை அவ்வீட்டில் நெடுநேரம் பேசினார்கள்.

நாற்பது ஆண்டுகள் கடந்த தொடரில் பழையன இராவா என்று கேட்கலாம். உண்டு. ஞாயிற்றுக் குடும்பத்திற்கு வெளியே உள்ள கோள்கள் 1990களில்தான் உறுதியாகக் கண்டறியப்பட்டன. சேகன் அவற்றை ஊகமாகவே பேசுகிறார். அவ்விடத்தில் தொடரை நிறுத்தி, அதன்பின் அறிவியல் எவ்வளவு தொலைவு சென்றிருக்கிறது என்று தேடச் செய்வதும் நல்ல பாடமே.

இரண்டாவதாக அவர்கள் பார்த்தது 'மண்ணில் உயிர்' எனப் பொருள்படும் 'லைஃப் ஆன் எர்த்'. பி.பி.சி. நிறுவனம் 1979ஆம் ஆண்டு சனவரியில் ஒளிபரப்பத் தொடங்கிய இத்தொடரும் பதின்மூன்று பகுதிகள் கொண்டது. வழங்கியவர் டேவிட் அட்டன்பரோ. அவர் 1960களின் பிற்பகுதியில் அந்நிறுவனத்தின் இரண்டாம் அலைவரிசைக்குப் பொறுப்பாளராக இருந்து பிறருடைய பெருந்தொடர்களுக்கு வழிவகுத்தவர். பின்னர் நிருவாக நாற்காலியை விட்டிறங்கிக் காட்டிற்கும் கடலுக்கும் சென்றார். ஓரணு உயிர் தொடங்கி மனிதன் ஈறாக உயிர்களின் நெடிய வரலாற்றை அவர் படிப்படியாக விரிக்கிறார்.

அத்தொடரில் ஒரு சிறு தவளை வருகிறது. தென் அமெரிக்காவில் வாழும் அது டார்வினின் பெயரைத் தாங்கியது. ஆண் தவளை தன் குஞ்சுகளைத் தொண்டைப் பையில் வைத்துக் காத்து, உரிய காலத்தில் வாய்வழியே வெளியே விடுகிறது. நொடியில் நடந்து முடியும் அந்நிகழ்ச்சியைப் படம்பிடிக்க ஒளிப்பதிவாளர் ஒருவர் நூற்றுக்கணக்கான மணி நேரம் காத்திருந்தார். வீட்டில் மூன்று வாரம் அடைந்து கிடப்பதையே பெருந்துயராக எண்ணியிருந்த குடும்பம் அதைக் கேட்டுச் சற்று அடங்கியது.

இன்னொரு காட்சி உலகப் புகழ் பெற்றது. ருவாண்டா மலைக்காட்டில் கொரில்லாக்களைப் பின்னே வைத்து, கட்டைவிரலின் பயனைப் பற்றிப் பேசுவதற்காகவே அட்டன்பரோ சென்றார். கொரில்லாக்கள் அவரை நெருங்கி வந்துவிட்டன. ஆயத்தம் செய்த உரையை விட்டுவிட்டு, அவ்வுயிர்களின் பார்வையில் உள்ள பொருளையும் உறவையும் பற்றித் தாழ்ந்த குரலில் அவர் பேசத் தொடங்கினார். பாடக்குறிப்பை மூடி வைத்துவிட்டு வகுப்பின் கண்களைப் பார்த்துப் பேச வேண்டிய வேளை ஒன்று ஆசிரியர்க்கு உண்டு. அதனை அறிந்தவர்க்கு அக்காட்சி நன்கு விளங்கும். விருங்கா மலைத்தொடரில் 1980களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 250 ஆகக் குறைந்திருந்த மலைக் கொரில்லாக்கள், 2016இல் முடிந்த கணக்கெடுப்பில் 600ஐத் தாண்டின. மனிதர் மனம் வைத்தால் அழிவையும் திருப்ப முடியும் என்பதற்கு இது சான்று.

இத்தொடர்கள் ஆங்கிலத்தில் அமைந்தவை. தமிழ் ஆசிரியர்கள் இதனைத் தடையாகக் கருதலாம். அவ்வீட்டில் அதுவே வாய்ப்பாயிற்று. பேத்தி ஒரு பயிற்சி நூலை எடுத்து வைத்துக்கொண்டாள். திரையில் கேட்ட ஒவ்வொரு புதுச்சொல்லுக்கும் தாத்தாவிடம் தமிழ்ச்சொல் கேட்டாள். பாலூட்டி, ஊர்வன, முதுகெலும்பி, ஒளிச்சேர்க்கை என்பன பள்ளியிலேயே அறிந்தவை. தவளைக் குஞ்சிற்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டபோது விடை சமையலறையிலிருந்து வந்தது. "தலைப்பிரட்டை" என்றார் அவள் தாய். தோட்டத்துக் கால்வாயில் சிறுமியாய் இருந்தபோது பிடித்து விளையாடிய சொல் அது. முப்பது ஆண்டுகள் நாவில் வராமல் இருந்தது. சொற்கள் அகராதியில் மட்டும் வாழ்வதில்லை. பேச ஓர் இடம் கிடைத்தால் அவை தாமே எழுந்து வருகின்றன. மே மாத நடுவில் அப்பயிற்சி நூலில் இருநூறு சொற்கள் சேர்ந்திருந்தன.

ஏப்ரலில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு அவ்வாண்டு நடைபெறாது என்று அறிவிக்கப்பட்டது. ஆறு ஆண்டுகளாக அத்தேர்வை நோக்கியே நடந்து வந்த பிள்ளைகளுக்கு அது விடுதலையாகவும் இருந்தது, வெறுமையாகவும் இருந்தது. "இனி எதற்குப் படிக்க வேண்டும்?" என்று பேத்தி கேட்டாள். அறிவுரை கூறி விடையளிக்க ஆசிரியர்க்கு மனம் வரவில்லை. அன்றிரவு 'மால்குடி டேஸ்' தொடரைத் தொடங்கினார்.

சென்னையில் 1906ஆம் ஆண்டு பிறந்த ஆர்.கே. நாராயண் ஆங்கிலத்தில் படைத்த கற்பனை ஊர் மால்குடி. அக்கதைகளைக் கன்னட நடிகரும் இயக்குநருமான சங்கர் நாக் 1980களில் தூர்தர்ஷனுக்காகத் தொடராக்கினார். கருநாடகத்தின் மேற்குமலைச் சிற்றூரான ஆகும்பே திரையில் மால்குடி ஆயிற்று. எல். வைத்தியநாதன் இசையமைத்தார். நாராயணின் தம்பி ஆர்.கே. இலட்சுமணன் வரைந்த ஓவியங்கள் தொடருக்கு முகமாயின. அதில் வரும் சாமி என்னும் சிறுவன் பள்ளிக்கு அஞ்சுகிறான், தந்தைக்கு அஞ்சுகிறான், தன் பெருமைகளையெல்லாம் பாட்டியிடம் மட்டும் கொட்டித் தீர்க்கிறான். அவனுக்கு அறிவுரை கூறும் நோக்கம் கதாசிரியர்க்கு இல்லை. அவனோடு சேர்ந்து பார்ப்பவர் சிரிக்கிறார். பின்னர் அவனுக்காக வருந்துகிறார். தேர்வு போனதைப் பற்றிய வருத்தத்தைப் பேத்தி அன்றுதான் வாய்விட்டுச் சொன்னாள், அழுதாள், பிறகு நன்றாக உறங்கினாள். நல்ல தொடர் சில வேளைகளில் ஆசிரியர் செய்ய இயலாததைச் செய்துவிடுகிறது.

இறுதியாக அவர்கள் எடுத்தது 'போரில் உலகம்' எனப் பொருள்படும் 'தி வேர்ல்ட் அட் வார்'. இலண்டன் தேம்ஸ் தொலைக்காட்சி நிறுவனத்திற்காக ஜெரெமி ஐசக்ஸ் உருவாக்கிய இத்தொடர் 1973 அக்டோபர் 31ஆம் நாள் தொடங்கியது. இருபத்தாறு பகுதிகள். உரை கூறியவர் நடிகர் லாரன்ஸ் ஒலிவியர். தளபதிகளும் அமைச்சர்களும் மட்டுமன்றிக் குண்டு மழையில் வீடிழந்த இல்லத்தரசிகளும் சாதாரணப் படைவீரர்களும் அதில் பேசுகின்றனர். போர் முடிந்து முப்பது ஆண்டுகள்கூட ஆகாத காலம். ஆகவே நினைவு மங்காமல் அவர்கள் பேசினர். பதினோரு அகவைச் சிறுமி பார்க்கத் தகாத காட்சிகள் அதில் உண்டு. ஆசிரியர் முன்னரே பார்த்துச் சில பகுதிகளை மட்டும் தேர்ந்தார்.

ஆறாம் பகுதி சப்பானைப் பற்றியது. 1931 முதல் 1942 வரை நடந்தவற்றைச் சொல்வது. 1941 திசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் கரையேறிய சப்பானியப் படை, எழுபது நாள்களுக்குள் தீபகற்பம் முழுவதையும் கடந்து சென்றது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரில் பிரிட்டிசுப் படை சரணடைந்தது. அதனைப் பேசிச் சென்ற அப்பகுதி 1942இல் நின்றது.

"அதற்குப் பிறகு இங்கே என்ன நடந்தது, தாத்தா? நம் வீட்டில் அப்போது யார் இருந்தார்கள்?" என்று பேத்தி கேட்டாள்.

ஆசிரியர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர்த் தம் தந்தையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். 1943ஆம் ஆண்டு தோட்டத்தில் பெயர்ப் பட்டியல் எடுத்தார்கள். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்றார்கள். மூடிய சரக்கு வண்டிகளில் ஆள்களை ஏற்றி வடக்கே கொண்டு சென்றார்கள். தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்து ஏறத்தாழ 415 கிலோமீட்டருக்கு அமைக்கப்பட்ட இரயில் பாதை அது. தமிழர் நாவில் சயாம் மரண ரயில். நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கும் மேற்பட்டோர் அங்கே உழைத்தனர். அவர்களில் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர் தொகையோ ஒன்றரை இலட்சத்தையும் கடந்தது. மலாயாத் தோட்டத் தமிழர் அவர்களுள் பெருந்தொகையினர். காலராவும் பசியும் புண்ணும் அவர்களைத் தின்றன. மாண்ட ஆசியர் ஏறத்தாழ 90,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறது. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் பெயர் பொறித்து வரிசையாக நிற்கின்றன. தமிழ்த் தொழிலாளர்களுள் மிகப் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல் இல்லை.

ஆசிரியரின் தந்தை 1945ஆம் ஆண்டு இறுதியில் திரும்பி வந்தார். உடன் சென்ற தம்பி திரும்பவில்லை. வந்தவர் அங்கு நடந்ததை மனைவியிடம் ஓரிரு முறை சொன்னார். பிள்ளைகளிடம் சொல்லவே இல்லை. அவர் கெண்டைக்காலில் ஒரு பெரிய வடு இருந்தது. தட்டில் ஒரு பருக்கை மிஞ்ச விடமாட்டார். மகன் ஆசிரியர் பயிற்சிக்குப் புறப்பட்ட நாளில் இரயில் நிலையத்தின் வாயில்வரை பெட்டியைச் சுமந்து வந்தார். மேடைக்கு மட்டும் வரவில்லை. பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தார். தந்தைக்கு அன்பில்லையோ என்று வண்டியில் அமர்ந்து வருந்திய மகனுக்கு, அதன் காரணத்தைத் தாய் பல ஆண்டுகள் சென்றே சொன்னார். திரும்பி வந்த நாள் முதல் இறக்கும்வரை அந்த மனிதர் இரயிலில் ஏறவே இல்லை.

ஆசிரியரின் மகள் சமையலறை வாயிலில் நின்று கேட்டுக் கொண்டிருந்தார். நாற்பத்து நான்கு அகவை ஆகியும் தம் பாட்டனைப் பற்றி அவர் அறிந்தது அந்த வடு மட்டுமே.

"இதை ஏன் எங்களிடம் சொன்னதே இல்லை, அப்பா?"

"யாரும் கேட்டதில்லை, அம்மா" என்றார் ஆசிரியர்.

அன்றிரவு அவர் தம் புத்தக அடுக்கிலிருந்து ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' புதினத்தை எடுத்து மகளிடம் கொடுத்தார். பேத்தி தன் பயிற்சி நூலைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து வேறொரு பட்டியலைத் தொடங்கினாள். பூட்டன் பெயர், திரும்பி வராத அவர் தம்பியின் பெயர், தோட்டத்தின் பெயர், சென்ற ஆண்டு, வந்த ஆண்டு. இலண்டனில் எடுத்த தொடர் 1942இல் நிறுத்திய கதையைக் கிள்ளானில் ஒரு சிறுமி தமிழில் தொடர்ந்து எழுதினாள்.

ஓர் ஆங்கிலத் தொடர் தோட்டத் தமிழரின் கதையை முழுமையாகச் சொல்லவில்லை என்று குறைபட்டுக் கொள்வது எளிது. எவர் கதையையும் பிறர் முழுமையாகச் சொல்ல முடியாது. விடுபட்ட இடத்தைப் பார்ப்பவர் உணரும்படி செய்தால் அதுவே ஒரு தொடருக்குப் போதுமான வெற்றி. மீதியைச் சொல்லும் கடமை வீட்டில் இருக்கும் பெரியவர்களுடையது. கேட்டு வாங்கும் கடமை பிள்ளைகளுடையது. இவ்விரண்டிற்கும் நடுவில் நிற்பவர் ஆசிரியர்.

தொலைக்காட்சியைக் கல்விக்குப் பயன்படுத்தும் எண்ணம் புதிதன்று. மலேசியாவில் கல்வித் தொலைக்காட்சி 1972ஆம் ஆண்டே தொடங்கியது. தொற்றுக் காலத்தில், 2020 ஏப்ரலில், அரசு தொலைக்காட்சி வழியே பாட ஒளிபரப்பை மீண்டும் தொடங்கியது. 2021 பிப்ரவரியில் அதற்கெனத் தனி அலைவரிசையே திறக்கப்பட்டது. கணினியும் இணையமும் இல்லாத வீடுகள் பல இருந்தன. ஆனால் தொலைக்காட்சி இல்லாத வீடு அரிது. அவ்வீடுகளில் ஒரே அறையில் ஐந்தாறு பேர் அமர்ந்திருந்தனர். அங்கே நூலகம் இல்லை. தனி மேசை இல்லை. பெட்டி ஒன்றும், அதனைச் சுற்றி அமர்ந்த மனிதர்களும் இருந்தனர். அவர்கள் எதைப் பார்த்தார்கள், பார்த்தபின் என்ன பேசினார்கள் என்பதைப் பொறுத்தே அப்பிள்ளைகளின் ஓராண்டு வளர்ந்தது அல்லது வாடியது.

அன்று ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடையே ஒரு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வொரு வாரமும் சிந்திக்கக் கிடைத்த காலம். இன்றைய இணையத் தளங்களில் ஒரு பகுதி முடிந்த சில நொடிகளில் அடுத்தது தானே தொடங்கிவிடுகிறது. சிந்தனைக்கு இடமில்லை, பேச்சிற்கும் இடமில்லை. ஆகவே அணைக்கும் பொத்தானைப் பயன்படுத்தத் தெரிவதே இக்காலத்தில் தொலைக்காட்சி பார்க்கத் தெரிவதன் முதற்படி.

தொற்றுக் காலம் கடந்துவிட்டது. மலேசியா 2022 ஏப்ரல் முதல் நாள் தன் எல்லைகளை மீண்டும் திறந்தது. எனினும் வீட்டில் அடைபடும் வேளைகள் தீர்ந்துவிடவில்லை. கிழக்குக்கரையில் ஆண்டிறுதி மழை வெள்ளம் வரும். எலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கும் மாணவன் இருப்பான். முதுமை வந்து வாசற்படியே எல்லையாகிவிட்ட பாட்டி இருப்பார். அத்தகைய வீடுகளுக்கு ஆசிரியர் ஒருவர் செய்யக்கூடியது பெரிதில்லை: ஒரு தொடரின் பெயரைச் சொல்லலாம், தாம் முன்னரே பார்த்திருக்கலாம், பார்த்தபின் வீட்டில் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று ஒரு வினாவை எழுதிக் கொடுக்கலாம்.

அவ்வினாவை நாளைக்கு என்று தள்ளி வைக்கலாகாது. தொடர்களை எந்த ஆண்டிலும் மீண்டும் பார்க்கலாம். சயாம் சென்று மீண்டவர்களை இனித் தேடினாலும் காண்பது அரிது; அவர்கள் வாய்மொழியைக் கேட்ட பிள்ளைகளே இன்று எழுபதையும் எண்பதையும் தொட்டு நிற்கின்றனர்.